பழைய பாடகர்களை இளசுகளுக்குத் தெரிகிறதா? சரியாகக் கேட்டுப் பார்க்கும் முறை

‘தியாகராஜ பாகவதரைத் தெரியுமா?’ என்று இருபது வயதுக்காரரிடம் கேட்டால் இரண்டில் ஒரு பதில் வரும். கேட்டவர் மனம் கோணக்கூடாதே என்று ‘கேள்விப்பட்டிருக்கேன்’ என்பார்கள், இல்லையென்றால் ‘யாரு?’ என்பார்கள். இரண்டையும் நம்ப முடியாது. முதல் ஆளுக்கு ஒரு பாட்டும் தெரியாமல் இருக்கலாம். இரண்டாம் ஆள், பெயர் தெரியாமலே ‘மன்மத லீலையை வென்றார் உண்டோ’வை முணுமுணுக்கக்கூடும்.

கல்லூரித் தமிழ் மன்றம், ஊர் நூலகம், வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கம் என எங்கே நடத்தினாலும் சரி, ஒரு மடிக்கணினி, இரண்டு ஹெட்போன், அச்சடித்த தாள், மூன்று நாலு வார இறுதிகள் இருந்தால் இதை ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கலாம். செலவைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும்.

முதலில் கேள்வியைப் பிரியுங்கள்

தமிழில் பாட்டு நட்சத்திரம் ஒரே ஆளுக்குள் அடங்குவதில்லை. பாகவதரும் பி.யு. சின்னப்பாவும் தாங்களே நடித்தார்கள், தாங்களே பாடினார்கள். பின்னணிப் பாடல் வேரூன்றிய பிறகு முகம் எம்.ஜி.ஆருக்கு, குரல் டி.எம். சௌந்தரராஜனுக்கு, மெட்டு விஸ்வநாதன் – ராமமூர்த்திக்கு, வரி கண்ணதாசனுக்கு என்று பங்கு பிரிந்துவிட்டது. வீட்டில் அதற்குப் பெயர் ‘எம்.ஜி.ஆர். பாட்டு’. எனவே ‘நினைவிருக்கிறதா’ என்ற ஒரே கேள்வியை நாலாக உடைக்க வேண்டும்.

கேட்ட ஞாபகம்: இந்தப் பாட்டு எப்போதாவது காதில் விழுந்திருக்கிறதா?
வரி ஞாபகம்: பாட்டை நிறுத்தினால் அடுத்த வரியைச் சொல்லவோ, மெட்டையாவது முனகவோ முடிகிறதா?
குரல் ஞாபகம்: பாடுவது யார் என்று தெரிகிறதா?
ஆள் ஞாபகம்: படத்தைக் காட்டினால் பெயர் வருகிறதா? அவரைப் பற்றி ஏதாவது ஒரு செய்தி சொல்ல முடிகிறதா?

இந்த நாலும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதில்லை. எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. பாகவதரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய முடியலங்காரத்தால் வந்த ‘பாகவதர் கிராப்பு’ என்ற சொல் இன்னும் புழங்குகிறது. ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வெளியாகிச் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது என்ற செய்தி பொது அறிவு வினாவாகவே சுற்றுகிறது. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறை போய் 1947இல் விடுதலையான கதையும் அப்படித்தான். இத்தனையும் தெரிந்தவருக்கு அவர் குரல் எப்படியிருக்கும் என்றே தெரியாமல் இருக்கலாம். அங்கே ஆள் ஞாபகம் உண்டு, கேட்ட ஞாபகம் இல்லை.

மலேசியா வாசுதேவன் இதற்கு நேர் எதிர். ‘பொதுவாக எம் மனசு தங்கம்’ திருவிழாவுக்குத் திருவிழா ஒலிக்கிறது. குரல் யாருடையது என்று கேட்டால் ‘எஸ்.பி.பி.’ என்பவர்கள் கணிசமாக இருப்பார்கள். சிலர் ‘ரஜினி’ என்றே சொல்வார்கள். ‘தெரியுமா, தெரியாதா’ என்று ஒரே கட்டத்தில் டிக் அடிக்கும் கருத்துக்கணிப்பு, பாகவதரை வெற்றியாளர் ஆக்கி வாசுதேவனைத் தோற்றவர் ஆக்கிவிடும். உண்மை அதற்குத் தலைகீழாக இருக்க வாய்ப்புண்டு.

யாரை, எந்தப் பாட்டை எடுப்பது

எட்டுப் பாடகர்கள் போதும். அதற்கு மேல் போனால் கேட்பவர் களைத்துவிடுவார். ஒரு நல்ல தொகுப்பு இப்படி அமையலாம்: பாகவதர், சின்னப்பா, ஜே.பி. சந்திரபாபு, ஏ.எம். ராஜா, டி.எம்.எஸ்., எல்.ஆர். ஈஸ்வரி, மலேசியா வாசுதேவன், ஸ்வர்ணலதா. காலம் 1940களிலிருந்து 1990கள் வரை பரவுகிறது. ‘அன்னக்கிளி’ வந்த 1976, ‘ரோஜா’ வந்த 1992 ஆகிய இரண்டு திருப்பங்களின் இரு பக்கமும் ஆள் இருக்கிறார்கள். தமிழ்ப் பாட்டின் ஒலியே அந்த இரண்டு இடங்களில் மாறியது. ஞாபகத்திலும் படி விழுந்திருக்கிறதா என்று பார்க்க இரு கரையிலும் பாட்டுத் துணுக்கு வேண்டும்.

பாட்டைத் தேர்வு செய்யும்போது பலரும் ஒரே குழியில் விழுகிறார்கள்: இன்றைக்கும் ஓடுகிற பாட்டாகப் பார்த்து எடுக்கிறார்கள். அப்படி எடுத்தால் ‘பழைய பாட்டு எல்லாருக்கும் தெரிகிறது’ என்றுதான் விடை வரும், ஏனென்றால் மறந்துபோனவை பட்டியலுக்குள் வரவே இல்லை. அந்தக் காலத்தில் எது ஓடியதோ அதை எடுக்க வேண்டும். அமெரிக்காவில் பில்போர்டு பட்டியல் இருக்கிறது, வேலை சுலபம். நமக்கு அப்படி வாராந்தரப் பட்டியல் கிடையாது. மாற்று வழி: ஒவ்வொரு பத்தாண்டிலும் நூறு நாளைத் தாண்டிய படங்களைப் பழைய செய்தித்தாள் விளம்பரங்களிலிருந்து பட்டியல் போடுங்கள். அந்தப் படங்களின் பாட்டுப் புத்தகங்களைத் தேடுங்கள். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாட்டுப் புத்தகங்களின் பெரிய சேகரிப்பு இருக்கிறது. பிறகு பாடகருக்கு ஆறு பாட்டு எழுதிப்போட்டு, சீட்டுக் குலுக்கி இரண்டை எடுங்கள். பிடித்த பாட்டு விழவில்லையென்றால் மறுபடி குலுக்கக் கூடாது.

1950களுக்குப் பிந்திய பாட்டுகளுக்கு ஒரு வெள்ளோட்டம் உண்டு. எழுபதைத் தாண்டிய ஐந்து பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். நாலு பேராவது ‘ஆமாம், அப்போ எங்கே பார்த்தாலும் இதுதான்’ என்றால் வைத்துக்கொள்ளலாம். பாகவதர், சின்னப்பா பாட்டுகளுக்கு இது செல்லாது. 1944இல் பதினைந்து வயது இருந்தவர் 1929இல் பிறந்தவர். இன்று எழுபத்தைந்து வயதுக்காரரே ‘ஹரிதாஸ்’ பாட்டுகளைத் தகப்பன் வாயிலாகவோ வானொலி வாயிலாகவோ கேட்ட இரண்டாம் தலைமுறைதான். அந்தக் காலத்துக்குப் படம் ஓடிய நாளையும் இசைத்தட்டுச் சான்றையும்தான் நம்ப வேண்டும்.

தலைப்புத் தொற்று என்று ஒன்று இருக்கிறது, கவனம். ஏ.எம். ராஜா இசையமைத்த ‘தேன் நிலவு’ படத்தின் ‘ஓஹோ எந்தன் பேபி’ 2025இல் ஒரு புதுப் படத்தின் பெயராகிவிட்டது. ‘பொதுவாக எம்மனசு தங்கம்’ 2017இல் படப் பெயரானது. ‘நெஞ்சம் மறப்பதில்லை’யும் அப்படியே. இப்படிப்பட்ட வரியைக் கேட்டதும் தலை ஆடும். அதைக் கேட்ட ஞாபகமாக எண்ணிவிடக் கூடாது. பாட்டு குலுக்கலில் விழுந்துவிட்டால் பல்லவியை விட்டுச் சரணத்திலிருந்து வெட்டுங்கள்.

இலங்கையிலோ, டொரொண்டோ, லண்டன் போன்ற ஊர்களில் ஈழத்தமிழர் நடுவிலோ நடத்தினால் எட்டில் இரண்டு இடத்தைப் பொப் பாடகர்களுக்குக் கொடுங்கள். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ இரண்டும் அருமையான சோதனைப் பொருள். மனோகரனை யாழ்ப்பாணத்தில் ‘பொப் இசைச் சக்கரவர்த்தி’ என்றார்கள். தமிழ்நாட்டில் அவர் ‘சிலோன் மனோகர்’, படத்தில் வரும் வில்லன். ஒரே ஆளை இரண்டு கரையில் இரண்டு விதமாக நினைவு வைத்திருக்கிறார்கள். ‘சுராங்கனி’ தமிழ்ப் படத்திலும் வேறு குரலில் வந்தது, பல மொழிகளுக்கும் போனது. ஆகவே எந்த ஒலிப்பதிவைப் போடுகிறீர்கள் என்று தாளில் எழுதிவையுங்கள்.

துணுக்கு வெட்டுதல்

மொத்தம் 24 துணுக்கு. எட்டுப் பாடகருக்கு இரண்டு வீதம் 16. கடந்த இரண்டு ஆண்டுகளில் எல்லாரும் கேட்ட புதுப் பாட்டு 4. யாருக்குமே தெரிய வாய்ப்பில்லாத ஏமாற்றுத் துணுக்கு 4.

புதுப் பாட்டு எதற்கு? இருபது வயதுக்காரர் அதையே ‘தெரியாது’ என்றால் அவர் பாட்டே கேட்காதவர், அல்லது சோதனையில் கவனமில்லை. அவர் தாளைத் தனியே வைத்துக் கணக்கிட வேண்டும். ஏமாற்றுத் துணுக்கு அதைவிட முக்கியம், அதில்லாமல் சோதனையே நடத்த வேண்டாம். ஓடாமல் போன 1950, 60களின் படங்களிலிருந்து, பெரியவர் ஐவரில் ஒருவர்கூட அடையாளம் காணாத பாட்டாக எடுங்கள். ‘கேட்டிருக்கேன்’ என்று மரியாதைக்குச் சொல்பவர்கள் இதற்கும் அதையே சொல்வார்கள். அந்த மரியாதையின் அளவு எவ்வளவு என்று அப்போது எண்ணாகவே கிடைத்துவிடும்.

ஒவ்வொன்றும் 8 நொடி. பாடகர் குரல் முதல் 2 நொடிக்குள் தொடங்க வேண்டும். கதாநாயகன் பெயரோ படப் பெயரோ வருகிற வரி வேண்டாம். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் வெட்டி, தொடக்கத்திலும் முடிவிலும் கால் நொடி மெல்ல ஏற்றி இறக்குங்கள். எல்லாவற்றையும் மோனோ (ஒற்றைத் தட ஒலி) ஆக்கி, ஒலியின் உரப்பைச் சமப்படுத்தும் லவுட்னஸ் நார்மலைசேஷனை ஒரே அளவில் கொடுங்கள்.

இனி வருவதைப் பலர் செய்வதில்லை. 78 சுழற்சி இசைத்தட்டுக்கு இரைச்சலும் கரகரப்பும் உண்டு. புதுப் பாட்டு துல்லியமாக இருக்கும். கேட்பவர் கரகரப்பைக் கேட்டதுமே ‘பழசு, அப்போ பாகவதர்’ என்று ஊகித்துவிடுவார். அது குரல் ஞாபகம் ஆகாது. எனவே 24 துணுக்கையும், புதுப் பாட்டையும் சேர்த்து, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் வடிகட்டிவிடுங்கள். எல்லாம் பழைய வால்வு ரேடியோவில் கேட்பது போல ஆகிவிடும். அப்படியும் இரைச்சல் மிஞ்சினால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே இரைச்சலை மெலிதாகக் கலக்கலாம்.

இணையத்தில் கிடைக்கும் பழைய பதிவுகளில் மூன்று கோளாறுகள் அடிக்கடி வரும். முதலாவது வேகம். இசைத்தட்டைக் கணினிக் கோப்பாக மாற்றியபோது சுழற்சி ஆறு சதவீதம் கூடினால் சுருதி ஏறக்குறைய அரை ஸ்வரம் ஏறிவிடும், குரலும் சிறுத்துப்போகும். ஒரே பாட்டை இரண்டு மூன்று பேர் ஏற்றியதை எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டு பதிவு ஒத்துப்போய் ஒன்று விலகினால் விலகியதைத் தள்ளுங்கள். இரண்டாவது, அசல் என்று பெயர் போட்டு வேறொருவர் மேடையில் பாடியதை ஏற்றியிருப்பார்கள், அல்லது புதுத் தாளம் சேர்த்திருப்பார்கள். தபேலா இருக்க வேண்டிய இடத்தில் எலக்ட்ரானிக் டிரம் கேட்டால் விட்டுவிடுங்கள். மூன்றாவது, பாடகர் பெயரே தப்பாக இருக்கும். திருச்சி லோகநாதன், சி.எஸ். ஜெயராமன், ஏ.எல். ராகவன் போன்றோர் பாடியவை வேறு பெரிய பெயர்களின் கணக்கில் சேர்வது சாதாரணம். பாட்டுப் புத்தகத்தையோ இசைத்தட்டு லேபிளையோ பார்த்து உறுதி செய்யாமல் விடைத்தாள் தயாரிக்காதீர்கள்.

காப்புரிமை பற்றி இரண்டு வரி. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு பாதுகாப்பு. வரியும் மெட்டும் தனிக் கணக்கு: படைத்தவர் இறந்து 60 ஆண்டு. பாபநாசம் சிவன் 1973இல் காலமானார், அவர் எழுதியவை 2033 முடியும் வரை பாதுகாப்பில் இருக்கும். துணுக்குத் தொகுப்பைப் பொதுவில் ஏற்றாமல் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது.

ஆட்களைச் சேர்த்தல்

இரண்டு குழு: 18–24 வயதில் 40 பேர், ஒப்பிட்டுப் பார்க்க 45–60 வயதில் 40 பேர். நாற்பது பேரில் பாதிப் பேர் ‘தெரியும்’ என்றால், உண்மை அளவு அதற்குப் பதினைந்து சதவீதப் புள்ளி மேலேயோ கீழேயோ இருக்கலாம். நூறு பேர் என்றால் அது பத்தாகக் குறையும். பத்துப் பேரை வைத்துக்கொண்டு ‘இன்றைய தலைமுறை’ என்று எழுதத் தொடங்கக் கூடாது.

இசைக் குழுவில் அறிவிப்பு ஒட்டி ஆள் சேர்த்தால் பாட்டுப் பைத்தியங்கள்தான் வருவார்கள். வாட்ஸ்அப்பில் இணைப்பு அனுப்பினாலும் அதே கதை. வருகைப் பதிவேட்டில் ஐந்தில் ஒருவர் என்று எடுப்பதோ, நூலக வாசலில் வருவோரில் ஒவ்வொரு பத்தாவது ஆளை அழைப்பதோ பரவாயில்லை. அழைத்து மறுத்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பதினெட்டுக்குக் கீழே போனால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும்.

பெயர், தொலைபேசி எண் வேண்டாம். பிறந்த ஆண்டு, வளர்ந்த மாவட்டம் அல்லது நாடு, வீட்டில் பேசும் மொழி, பத்து வயதுக்குள் தாத்தா பாட்டி யாராவது ஒரே வீட்டில் இருந்தார்களா, சின்ன வயதில் வீட்டில் வானொலி ஓடியதா: இந்த ஐந்தும் போதும். கடைசி இரண்டு கேள்விகளை விட்டுவிடாதீர்கள், விளக்கம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

உட்கார வைத்துக் கேட்கும்போது

ஒருவர் ஒருவராகத்தான். நாலு பேரைச் சேர்த்து உட்கார வைத்தால் ஒருவர் முனகினாலே மற்ற மூவருக்கும் ‘தெரிந்து’விடும். ஹெட்போன் மாட்டச் சொல்லுங்கள். கைப்பேசியைப் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள், பாட்டைக் கண்டுபிடித்துச் சொல்லும் செயலி எல்லார் கையிலும் இருக்கிறது. துணுக்கு வரிசையை அ, ஆ, இ, ஈ என நாலு விதமாகக் கலைத்து வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் போடுங்கள். இல்லையென்றால் கடைசியில் வரும் பாடகர் களைப்பின் பலனை அனுபவிப்பார்.

கேள்வி வரிசை மாறவே கூடாது. துணுக்கு முடிந்ததும் முதலில் ‘இதற்கு முன் கேட்டிருக்கிறீர்களா?’ ஆம் என்றால் ‘எங்கே?’ அதற்கு விருப்பத் தேர்வு தர வேண்டாம், அவர் வாயில் வருவதை அப்படியே எழுதுங்கள். பிறகு ‘அடுத்த வரியைச் சொல்லவோ முனகவோ முடியுமா?’ அதன் பிறகு ‘பாடுவது யார்?’ முதலில் சும்மா கேளுங்கள். பதில் வராவிட்டால் நாலு பெயர் கொண்ட அட்டையைக் காட்டுங்கள். அட்டையில் உள்ள மற்ற மூன்று பெயரும் அதே காலத்தவராக இருக்க வேண்டும். பாகவதரோடு மூன்று இன்றைய பாடகர்களை வைத்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

படங்களை எல்லாத் துணுக்கும் முடிந்த பிறகு மொத்தமாகக் காட்டுங்கள். முன்னாலேயே காட்டினால் முகம் குரலுக்கு வழி சொல்லிவிடும். டி.எம்.எஸ். படம் என்று தேடி, சிவாஜியோ எம்.ஜி.ஆரோ வாயசைக்கும் காட்சியை எடுத்து வைக்கிறவர்களும் உண்டு. பாடகரின் சொந்தப் படம் வேண்டும், நெற்றித் திருநீறோடு.

ஒரு துணுக்குக்கு முக்கால் நிமிடம் என்று வைத்தால் 24க்கு 18 நிமிடம், முன்பேச்சும் படமும் சேர்த்து ஆளுக்கு 25 நிமிடம். நாற்பது பேருக்குச் சுமார் 17 மணி நேரம். கேள்வி கேட்பவர் முகத்தில் வியப்போ வருத்தமோ காட்டக் கூடாது. ‘அய்யோ, சந்திரபாபு தெரியாதா!’ என்று ஒருமுறை வாய்விட்டால் அடுத்த பத்துக் கேள்விக்கும் ‘தெரியும்’ என்றே வரும். பாட்டை நேசிக்கிற பெரியவர்கள் கேள்வி கேட்பவராக உட்காராமல் இருப்பது நல்லது. பக்கத்து வகுப்புப் பிள்ளையையே பழக்கி உட்கார வையுங்கள்.

கணக்கு

கேட்ட ஞாபகத்துக்கு: பாட்டுக்கு ‘ஆம்’ சொன்னவர் சதவீதத்திலிருந்து ஏமாற்றுத் துணுக்குகளுக்கு ‘ஆம்’ சொன்னவர்களின் சராசரிச் சதவீதத்தைக் கழியுங்கள். நாற்பதில் 14 பேர் ஒரு பாகவதர் துணுக்குக்கு ஆம் என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம், அது 35 சதவீதம். ஏமாற்றுத் துணுக்குக்குச் சராசரியாக 6 பேர், 15 சதவீதம். மிச்சம் 20. அதுதான் எழுத வேண்டிய எண். கழித்த பிறகு பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்றே எழுதுங்கள்.

அட்டையிலிருந்து பெயரைத் தேர்ந்தெடுத்ததற்கு: கண்ணை மூடிக் கை வைத்தாலே நாலில் ஒன்று சரியாக வரும். சரியான விடைகளிலிருந்து தவறான விடைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, மொத்த ஆட்களால் வகுக்க வேண்டும். 22 சரி, 18 தவறு என்றால் 22இலிருந்து 6 போக 16. நாற்பதில் 16, அதாவது 40 சதவீதம். கழிக்காமல் 55 என்று எழுதியிருந்தால் பாதிப் பேருக்கு மேல் குரல் தெரிகிறது என்ற பொய்ப் பெருமிதம் வந்திருக்கும். அட்டை காட்டாமலே பெயர் சொன்னவர்களைத் தனி வரிசையில் போடுங்கள், அவர்களுக்கு இந்தக் கழிவு கிடையாது.

இரண்டு வயதுக் குழுக்களை ஒப்பிடும்போது, நாற்பது நாற்பது பேர் என்றால் 22 புள்ளிக்குக் குறைந்த வித்தியாசத்தைப் பற்றிப் பேசாதீர்கள். அது தற்செயலாகவும் வரும்.

வருவதை எப்படிப் படிப்பது

முதலில் ‘எங்கே?’ பத்தியைப் படியுங்கள். எண்களைவிட அதில்தான் விஷயம் இருக்கிறது. பதில்கள் பெரும்பாலும் சில கொத்துகளாக விழும்: வீடு, பேருந்து, கல்யாணம், கோயில், பாட்டுப் போட்டி நிகழ்ச்சி, புதுப் படம், ரீல்ஸ்.

எல்.ஆர். ஈஸ்வரி ஒருவரே நல்ல பாடம். ‘பாசமலர்’ படத்தின் ‘வாராய் என் தோழி வாராயோ’ கல்யாண மண்டபத்தில் உயிரோடிருக்கிறது. அவருடைய அம்மன் பாட்டுகள் ஆடி மாதக் குழாய் ஒலிபெருக்கியில். இருபது வயதுக்காரருக்கு அந்தக் குரல் பிறந்ததிலிருந்தே தெரியும், பெயர்தான் தெரியாது. சீர்காழியின் ‘விநாயகனே வினை தீர்ப்பவனே’, சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம், நாகூர் ஹனிபாவின் ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ எல்லாம் இந்த வகை. சடங்கோடு ஒட்டிக்கொண்ட குரல் தலைமுறை தாண்டுகிறது. சினிமாவோடு மட்டும் நின்ற குரலுக்கு அந்தத் துணை இல்லை. சின்னப்பா அங்கேதான் அடிபடுகிறார். பாகவதருக்குச் சமமான போட்டியாளர், ‘உத்தமபுத்திரன்’ (1940) படத்தில் இரட்டை வேடம் போட்டவர். ஆனால் அவர் பாட்டுக்குக் கல்யாணமும் இல்லை, கோயிலும் இல்லை, பரபரப்பு வழக்கும் இல்லை.

‘புதுப் படம்’ என்ற பதிலைத் தனியாக எண்ணுங்கள். ‘கைதி’ (2019) படத்தில் வந்ததால் ‘ஆசை அதிகம் வச்சு’ இன்னொரு தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்தது. அது 1993இன் ‘மறுபடியும்’ படப் பாட்டு, பாடியவர் எஸ். ஜானகி. ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ 2024இல் ‘குணா’வின் ‘கண்மணி அன்போடு காதலன்’ பாட்டை மலையாளப் பிள்ளைகள் வாயிலும் போட்டது. இப்படி வந்த பாட்டுக்குக் கேட்ட ஞாபகம் மேலே பாயும், வரி ஞாபகம் ஓரளவு ஏறும், குரல் ஞாபகம் அசையாமல் கிடக்கலாம். உங்கள் எண்ணில் அது தெரிந்தால் ‘பாட்டு திரும்பி வந்தது’ என்று எழுதுங்கள், ‘பாடகர் திரும்பி வந்தார்’ என்று எழுதாதீர்கள். டி.எம்.எஸ். பாடிய ‘பொன்மகள் வந்தாள்’ 2007இல் ‘அழகிய தமிழ் மகன்’ படத்துக்காக மறுவடிவம் பெற்றபோதும் அதுதான் பார்க்க வேண்டிய வித்தியாசம்.

ஐம்பதைத் தாண்டியவர்கள் பாடகர் பெயரைச் சரளமாகச் சொல்வார்கள். உடனே ‘அவர்களுக்கு ரசனை அதிகம்’ என்று முடிவு கட்ட வேண்டாம். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையும் விவித பாரதியும் பாட்டுக்குப் பாட்டு படம், பாடியவர், இசை, இயற்றியவர் என்று சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆக்கின. அந்த அறிவிப்பு இல்லாத இடத்தில் வளர்ந்தவருக்குப் பெயர் எப்படி ஒட்டும்? இணையத்தில் பாட்டு ஓடவிடும் ஸ்ட்ரீமிங் செயலிகளில் பெயர் திரையில் இருக்கிறது, ஆனால் கைப்பேசி பைக்குள் இருக்கிறது.

அமெரிக்க ஆய்வுகள் இரண்டை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2013இல் வெளியிட்டதில் இருபது வயதை ஒட்டிய 62 மாணவர்களுக்கு 1955 முதல் 2009 வரையான முன்னணிப் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். பெற்றோர் இளமையாக இருந்த 1980களின் தொடக்கத்துப் பாட்டுகளில் ஒரு மேடு, 1960களில் இன்னொரு மேடு. வீட்டு வழியாக ஞாபகம் இறங்குகிறது என்பதற்கு நல்ல சான்று. நியூயார்க் பல்கலைக்கழகத்தார் 2019இல் வெளியிட்டதில் 643 பேர், பெரும்பாலும் 18–25 வயது. மிகப் புதிய பாட்டுகளிலிருந்து 2000 வரை ஞாபகம் செங்குத்தாக இறங்குகிறது, 1960–2000 சமதளம், 1940, 50களில் மறுபடி சரிவு. உங்கள் வரைபடத்தில் சமதளம் 1976இல் தொடங்குகிறதா, அதற்கு முன்பேயா என்று பாருங்கள். தாத்தா பாட்டியோடு வளர்ந்தவர்களைத் தனியே பிரித்துப் போட்டால் கோடு இடம் மாறுகிறதா என்றும் பாருங்கள். நாற்பது பேரில் அவர்கள் பத்துப் பன்னிரண்டு பேராகத்தான் இருப்பார்கள், எனவே அழுத்திச் சொல்ல வேண்டாம்.

யூடியூப் பார்வை எண்ணிக்கையைச் சான்றாக வைப்பதை விட்டுவிடுங்கள். யார் பார்த்தார்கள் என்று அதில் தெரியாது. அறுபது வயதுக்காரர் ஒருவர் தினமும் காலையில் போட்டாலும் எண் ஏறும், தானாக ஓடும் பட்டியலிலும் ஏறும். ‘இந்த வருஷம் யாரெல்லாம் கேக்குறீங்க’ என்ற கருத்தின் கீழே குவியும் விருப்பங்கள் பாட்டைத் தேடி வந்தவர்களுடையவை. தேடாதவர்கள் எத்தனை பேர் என்பதே நம் கேள்வி.

வைத்துக்கொள்ள வேண்டியவை

முடிவை வெளியிடும்போது ‘இளைஞர்கள்’ என்று எழுதாமல் பிறந்த ஆண்டுகளை எழுதுங்கள். ஒவ்வொரு பாடகருக்கும் நாலு எண், பக்கத்தில் ஆட்களின் எண்ணிக்கை, ஏமாற்றுத் துணுக்கின் சதவீதம். துணுக்குக் கோப்புகள், நாலு வரிசைத் தாள்கள், விடைத்தாள், எந்தப் பதிவிலிருந்து வெட்டியது என்ற குறிப்பு எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவிலும் ஒரு மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள். ஐந்து ஆண்டு கழித்து அதே 20 துணுக்கை, புதுப் பாட்டு நாலை மட்டும் மாற்றி, அப்போது 18–24 வயதிலிருக்கும் புது நாற்பது பேரிடம் போட வேண்டும். பழைய நாற்பது பேரைத் திரும்பக் கூப்பிடாதீர்கள். அவர்களில் பாதிப் பேர் உங்கள் சோதனை முடிந்த அன்று இரவே சின்னப்பாவைத் தேடிக் கேட்டிருப்பார்கள்.